விழிஞ்ஞம் பற்றி ஒரு மெயில்

இயந்திரம் எழுதும் கடிதம் – 9

2025 மே 2 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம்; சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தொலைவில். சரக்கு ஏஜென்டுகளுக்குப் புது வாடிக்கையாளரிடம் சொல்ல இதைவிட நல்ல செய்தி ஏது?

நாகர்கோவிலில் ஒரு ஃபார்வர்டிங் ஏஜென்ட் அப்போது ஏஐ கருவியைத் திறந்து, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு அறிமுக மெயில் கேட்டிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். நொடியில் வந்துவிடும்: “தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி கண்டு வியந்தோம். இனி உங்கள் கன்டெய்னரை விழிஞ்ஞம் வழியே நேரடியாக ஐரோப்பாவுக்கு அனுப்பலாம்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றுமதியாளர் கேட்பது ஒன்றே ஒன்று: “என் லாரி எந்த கேட்டில் நுழையும்?” அன்றைக்கு விழிஞ்ஞம் ட்ரான்ஷிப்மென்ட் துறைமுகம். பெரிய கப்பலில் வரும் பெட்டி அங்கே இறங்கி, ஃபீடர் கப்பலில் ஏறி வேறு துறைமுகம் போகும். நெடுஞ்சாலை இணைப்பு முடியவில்லை. பாலராமபுரம் வரை போட வேண்டிய 10.7 கி.மீ. ரயில் பாதையும் முடியவில்லை. அதில் ஏறக்குறைய 9 கி.மீ. சுரங்கம். திருப்பூர் லாரிக்கு அங்கே வேலையே இல்லை. துறைமுகம் என்றாலே சரக்கு அனுப்பலாம் என்ற பொதுவான பேச்சைக் கருவி இங்கேயும் எழுதிவிட்டது. ஏஜென்டின் பெயர் முதல் மெயிலிலேயே கெட்டது.

இப்படிப்பட்ட கருவியை வடிவமைப்பவர்கள் நடைக்குத் தரும் கவனத்தில் பாதியைத் தகவலுக்குத் தருவதில்லை. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. இவருக்கு ஏன் எழுதுகிறோம், எந்தத் தகவலை நம்பி எழுதுகிறோம், அது எந்தத் தேதி நிலவரம் என்று கருவி முதலில் கேட்க வேண்டும். சாலை திறந்தால் நேற்றைய உண்மை இன்று பொய்யாகும். அதனால் தேதி பழசானால் திரும்பவும் கேட்க வேண்டும். பதில் வராத இடத்தை இட்டு நிரப்பக் கூடாது. கூகுள் இதை 2018-லேயே செய்தது. “அடுத்த வாரம் ஒரு முதலீட்டாளரைச் சந்திக்கிறேன்” என்று அதன் ஆய்வாளர் ஒருவர் ஆங்கிலத்தில் அடித்தபோது, ஜிமெயிலின் ஸ்மார்ட் கம்போஸ் அந்த முதலீட்டாளரை ஆண் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை நீட்டியது. கடைசியில் ஆண், பெண் பால் சுட்டும் சொற்களைப் பரிந்துரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். தெரியாத இடத்தில் சும்மா இருப்பது நல்ல வடிவமைப்பு.

அடுத்தது எண்ணிக்கை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோர் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். நம் ஏஜென்ட் அந்த அளவுக்கு அனுப்பப்போவதில்லை. ஆனாலும் அறிமுக மெயிலுக்கு விழும் புகார்கள் டொமைனின் பெயரைக் கெடுக்கும். பிறகு பழைய வாடிக்கையாளருக்குப் போகும் பில்லும் ஸ்பேமில் கிடக்கலாம். ஐந்நூறு பேருக்கு அனுப்பத் தூண்டும் கருவியைவிட, ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க உதவும் கருவி அவருக்கு நல்லது.

அப்படிப்பட்ட கருவி எழுதித் தரும் மெயில் இவ்வளவுதான்: “உங்கள் பெட்டி தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் கப்பல் மாறுகிறதா? விழிஞ்ஞத்தில் மாற்ற முடியுமா என்று கப்பல் லைனிடம் விசாரித்தோம். ஃபீடர் தேதி: ____. கட்டணம்: ____.” லைனிடம் பேசி ஏஜென்ட் அந்த இரண்டு கோடுகளையும் நிரப்பும்வரை ‘அனுப்பு’ பட்டன் வேலை செய்யக் கூடாது.