செய்தியும் அறிவிப்பாளர் தொடரும்

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கரையில் செய்தி அறியும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் பெரிதும் மாறிவிட்டது. 1942இல் தினத்தந்தியை நிறுவிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியைச் சேர்ந்தவர். தேநீர்க்கடையில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, எழுத்தறியாதாரும் உடனிருந்து கேட்ட காலம் அது. பின்னர் இலங்கை வானொலியும் பி.பி.சி. தமிழோசையும் வீடுகளில் ஒலித்தன. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. இன்று செய்தி கைப்பேசி வழியே, பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், தனித்தனியே வந்து சேர்கிறது.

இதனை வேகத்தின் மாற்றமாக மட்டும் கருதுவது போதாது. அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயர்களை இதழில் குறிப்பிட வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வானொலியில் செய்தி வாசிப்பவர் முதலில் தம் பெயரைக் கூறுவார். செய்தி தவறாயின் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். வாட்ஸ்அப் செய்தியிலோ இறுதியாக அனுப்பியவரை மட்டுமே நாம் அறிவோம். அவர் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பதால், அவர்மீதுள்ள நம்பிக்கை செய்தியின்மீதும் படிந்துவிடுகிறது.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. வாசகம் எத்துணை அழகாயினும், அதன் இஸ்னாதில், அதாவது அறிவிப்பாளர் தொடரில், இன்னார் எனத் தெரியாத ஒருவர் இருப்பின் அவ்வறிவிப்பு பலவீனமாகிறது. 2018இல் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறிப்பு, செய்தி கைமாறியதைச் சொல்கிறது. யாரிடமிருந்து தொடங்கியது என்பதைச் சொல்வதில்லை. அறுந்த தொடரின் அடையாளமே அது.

இதன் விளைவை இம்மாவட்டம் அனுபவித்துள்ளது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். வதந்தி பரவுவதைத் தடுக்கவென்று மூன்று மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. வதந்தியோடு கண்ணால் கண்டோர் சாட்சியமும் வெளியேற வழியின்றித் தடைப்பட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தபோது, வெளிநாடுகளிலிருந்தோர் தம் குடும்பத்தினரின் நிலையறியாது தவித்தனர். ஆதலின் கைப்பேசியைக் கைவிடுக என்பது தீர்வாகாது.

யார் கண்டார், யார் வழியாக வந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைக்காத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலே நாம் செய்யக்கூடியது. நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் பாடத்தோடு இவ்வினாக்களையும் அன்றாடச் செய்திகளுக்குப் பொருத்திக் கற்பித்தால், மாணவர்க்கு அக்கலையின் பயனும் தெளிவாகும்.