ஞானப்பல் சொல்லும் கணக்கு

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு நோயாளியின் வாய்தான். "பத்துக்கு எவ்வளவு வலிக்குது?" என்று நர்ஸ் கேட்பார். ஒருவர் ஏழு என்பார். அதே அறுவைக்குப் பிறகு பக்கத்துக் கட்டில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு என்பார். இந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு வலி மாத்திரை வேலை செய்கிறதா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டது ஞானப்பல்லை. ஈறுக்குள் சிக்கிக் கிடக்கும் பல்லை அறுத்து எடுப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் இளவயதினர், வேறு நோய் இல்லாதவர்கள். தாடையின் மரப்பு தெளிந்ததும் வலி கிளம்பும். அது நடுத்தரத்தைத் தாண்டிய பிறகுதான் மாத்திரை. லேசாக வலிப்பவரிடம் குறைந்ததைக் காட்ட இடமேது? யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது குலுக்கல்முறையில் முடிவாகும். கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

சராசரியாக எத்தனை புள்ளி குறைந்தது என்று பார்ப்பது இங்கே ஏமாற்றும். சிலருக்கு வலி ஏறக்குறைய முழுதும் போய்விடும், சிலருக்கு அசையவே அசையாது. நடுவில் நிற்கும் அந்தச் 'சராசரி நோயாளி'யைக் காண்பது அரிது. ஆகவே, வலியில் பாதியாவது போனவர்கள் எத்தனை பேர் என்று தலையை எண்ணுகிறார்கள். அறுவைக்குப் பிந்தைய வலி பற்றி 2009-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், இப்யூபுரோஃபென் 400 மில்லிகிராம் எடுத்த நூறு பேரில் 54 பேருக்கு அப்படி விடுதலை. வெற்று மாத்திரையில் 14 பேருக்கு. கழித்தால் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் 40. இரண்டரைப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மருந்தாலேயே பலன். அரை ஆளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

பல்வலி சில மணி நேரச் சமாச்சாரம். மூட்டுவலி, நரம்புவலிச் சோதனைகள் வாரக்கணக்கில் ஓடும், சிக்கலே அங்கேதான். மூன்றாம் வாரம் வாந்தி தாங்காமல் ஒருவர் நின்றுவிடுகிறார் என்று வையுங்கள். கடைசியாக அவர் சொன்ன எண் 3. அந்த 3-ஐயே பன்னிரண்டாம் வாரம் வரை இழுத்துக்கொண்டு போய் எழுதும் வழக்கம் வெகுநாள் இருந்தது. வயிற்றில் தங்காத மாத்திரைக்கு நல்ல மார்க்! மாற்று வழி, முதல் நாள் சொன்ன 8-ஐத் திரும்பப் போடுவது. கொஞ்சம் கறாரான கணக்குதான், ஆனாலும் எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. மாத்திரையை நிறுத்தியவர் பழைய வலியோடுதானே வீட்டில் உட்கார்ந்திருப்பார்? எந்த வழியில் கணக்குப் போடுவோம் என்பதை, உறை பிரித்து யாருக்கு எது போனது என்று பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.