உப்புச் சேற்றில் ஒரு காடு

மான்கூர்டு நிலையத்தை விட்டு வாஷிக்கு மின்சார ரயில் கிளம்பியதும் இருபுறமும் பச்சைப் புதர்க்காடு தெரியும். அடியில் கறுத்த சேறு. தினமும் இவ்வழியே வேலைக்குப் போய் வரும் நம்மவர்களில் பலர் அதைச் "சகதிக் காடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கொள்வார்கள். அங்கே ஏன் வேம்பும் மாமரமும் இல்லை என்று யோசிப்பவர் சிலரே.

கொண்டுபோய் நட்டாலும் அவை பிழைக்கா. காரணம் மூன்று: உப்பு நீர், காற்றுப் புகாத சேறு, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல். மூன்றையும் தாங்கி வளரும் மரங்கள் உலகிலேயே குறைவு. அவைதான் அலையாத்தி மரங்கள். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் இவற்றின் இனத்தாரை அங்கே பார்த்திருப்பார்கள்.

வீட்டைப் பற்றிய படிப்பு

எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று ஆராயும் படிப்புக்குச் சூழலியல் என்று பெயர். இதன் ஆங்கிலப் பெயருக்கு மூலச் சொல்லை 1866-இல் உருவாக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கல். 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

வெப்பம், ஒளி, நீர், மண், உப்பு ஆகியவை ஒவ்வோர் உயிருக்கும் ஓர் அளவில் வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. இரை, பகை, போட்டி என்று மற்ற உயிர்களும் அதன் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

வேரால் மூச்சு

மும்பைக் கழிகளில் மிகுதியாக இருப்பது வெண்கண்டல். மராத்தியில் திவர். சேற்றுக்குள் காற்று இல்லாததால், இதன் வேர்கள் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டு சுவாசிக்கின்றன. உள்ளே வந்த உப்பை இலைகள் வெளியேற்றுகின்றன. இலையை நக்கினால் உப்புக் கரிக்கும். விதையும் மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடுகிறது. விழுந்ததும் அலை அடித்துப் போகுமுன் வேர் பிடிக்க வேண்டுமே!

இந்த மரத்தடியில் நண்டும், ஈரத்தோலால் மூச்சு விட்டு நிலத்தில் தத்தித் திரியும் சேற்று மீனும் குடியிருக்கின்றன. குளிர்காலம் தொடங்கி மழைக்கு முன்பு வரை பூநாரைகள் வந்து தங்குகின்றன. கடல் நீர் வடிந்து சேறு வெளிப்பட்டால்தான் அவற்றுக்கு இரை. சிறிய பூநாரை பாசி நுண்ணுயிர்களைத் தின்கிறது. இறகின் சிவப்பே அந்த இரையிலிருந்து வருவதுதான். இங்குள்ள தானே கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

அரிவாள் இல்லாமல் அழிவு

இக்காட்டை அழிக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஒரு வரப்பு போட்டுவிட்டால் போதும். கடல் நீர் உள்ளே வராது. மரங்கள் நின்றபடியே காய்ந்துவிடும். மறுபக்கம் நீர் வடியாமல் தேங்கினாலோ, மூச்சு வேர்கள் மூழ்கி அழுகும். பிறகு "இது தரிசு நிலம்தானே" என்று சொல்வது எளிது.

இதன் நஷ்டம் பறவைக்கு மட்டும் அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை புரண்டது. ஆற்றின் முகத்துவாரத்தில் அலையாத்திக் காடும் சதுப்பும் தூர்க்கப்பட்டு வழி குறுகிப் போனதும் வெள்ளத்துக்கு ஒரு காரணமாக எடுத்துக் காட்டப்பட்டது. தாழ்வான குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நாளை நினைவூட்டத் தேவையில்லை.

அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் அலையாத்தி மரங்களை வெட்டுவதற்குத் தடை விதித்தது. 2018-இல் இறுதித் தீர்ப்பும் அதை உறுதி செய்தது. அக்காட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுமானமும் குப்பை கொட்டுவதும் கூடாது. மாநில வனத்துறையில் இதற்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது.

ஆகவே, கழியோரம் இரவில் லாரி வந்து மண் கொட்டினால் அது யாருக்கோ உரிய சமாசாரம் அல்ல. அடுத்த பெருமழையில் அந்த வெள்ளம் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பது அங்கேதான் முடிவாகிறது.