பாட்டியின் தாலாட்டும் கம்ப்யூட்டரின் 'ஊ...' சத்தமும்! வீட்டு ரெக்கார்டிங்குக்கு அமைதியான கம்ப்யூட்டர் அமைப்பது எப்படி?

ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. சீலிங் ஃபேன் நிறுத்தப்பட்டது. சமையலறையில் மிக்ஸிக்கும் அரை மணி நேரம் ஓய்வு. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்த பாட்டி, ஐம்பது வருடங்களுக்கு முன் தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டை மெல்லிய குரலில் பாடுகிறார். பேத்தி கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறாள். பாடி முடித்ததும் ஆசையாக ஹெட்போனை மாட்டிக் கேட்டால், பாட்டியின் குரலுக்குப் பின்னால் விடாமல் ஒரு 'ஊ...' சத்தம்!

வீட்டிலேயே பாட்டு, பாட்காஸ்ட், கதை என்று பதிவு செய்பவர்கள் பலருக்கும் பழகிப்போன காட்சிதான் இது. நல்ல மைக் வாங்கியிருப்பார்கள், சுவரில் ஸ்பாஞ்ச்கூட ஒட்டியிருப்பார்கள். ஆனால், மேஜைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரை மறந்திருப்பார்கள். பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் ஃபேன் சத்தம்தான்.

வீட்டு ரெக்கார்டிங்கை விளையாட்டாக நினைத்த காலம் போய்விட்டது. சென்னைக் கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறம் 1989-ல் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவில் இருந்துதான் ஏ.ஆர்.ரஹ்மானின் பயணம் தொடங்கியது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் தங்கள் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம், 2020 ஜனவரியில் கிராமி விருதுகளில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' ஆனது. அறை சின்னதாக இருப்பது பிரச்னை இல்லை. அது அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னச் சத்தம்தானே... என்ன ஆகிவிடும்?

நம் காது ஃபேன் சத்தத்துக்குப் பழகிவிடும். மைக் பழகாது. ரோட் என்.டி1 போன்ற ஒரு கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் வெறும் 4.5 டெசிபல். மெதுவான கிசுகிசுப்பே சுமார் 30 டெசிபல் வரும். அவ்வளவு நுட்பமான மைக், மேஜைக்குக் கீழே ஓடும் ஃபேனையும் விட்டுவைக்காது.

பதிவு செய்த பிறகு இது இன்னும் பெரிதாகும். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய 'கம்ப்ரஸர்' போடுவார்கள். அது மெல்லிய இடங்களைத் தூக்கிக் காட்டும். கூடவே ஃபேன் சத்தமும் மேலே வரும். அதேபோல, ஒரே பாட்டுக்கு எட்டு முறை தனித்தனியாகக் குரலைப் பதிவு செய்து அடுக்கினால், எட்டு டிராக்கில் உள்ள இரைச்சலும் சேர்ந்து 9 டெசிபல் கூடிவிடும்.

'சாஃப்ட்வேரில் சத்தத்தை நீக்கிவிடலாமே?' என்று தோன்றலாம். ஓரளவுக்கு முடியும். ஆனால், அதிகமாக நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மூச்சும் எழுத்துகளின் நுனியும் சேர்ந்தே காணாமல்போகும். தாலாட்டின் அழகே அந்த மூச்சில்தானே இருக்கிறது!

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்!

எல்லா இரைச்சலும் ஃபேனால் வருவதில்லை. செலவு செய்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். வழக்கமான அளவில் மைக்கை வைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு, மைக்கை கம்ப்யூட்டரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் இன்னொரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது பதிவில் சத்தம் நன்றாகக் குறைந்திருந்தால், ஃபேன்தான் காரணம். கொஞ்சமும் மாறவில்லை என்றால், அது காற்றில் வரும் சத்தமாக இல்லாமல், கேபிள் வழியாக வரும் மின்சார இரைச்சலாக இருக்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரமாகக் கேட்கும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால், பார்க்க வேண்டியது பிளக் பாயின்ட்டின் எர்த் இணைப்பை. அதற்கு எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். புது கம்ப்யூட்டர் வாங்கியும் பயன் இருக்காது.

பைசா செலவில்லாத வழிகள்

* தூரம்: திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் பலன் கொஞ்சம் குறைவுதான். இருந்தாலும், அரை மீட்டரில் இருக்கும் கம்ப்யூட்டரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.
* திசை: 'கார்டியாய்டு' வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். மைக்கின் முதுகு கம்ப்யூட்டரைப் பார்க்கும்படி வையுங்கள்.
* தூசி: ஹீட்சிங்கில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. ஃபேன் வேகமாகச் சுற்றிக் கத்தும். ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.
* வேலைச்சுமை: பதிவின்போது பிரவுசர், கேம் எல்லாவற்றையும் மூடுங்கள். பிராசஸருக்கு வேலை குறைந்தால் சூடும் குறையும், சத்தமும் குறையும்.

ஒரு எச்சரிக்கை... சத்தம் கேட்கக் கூடாது என்று கம்ப்யூட்டரைப் போர்வையால் மூடிவிடாதீர்கள்! காற்று அடைபட்டு, ஃபேன் முன்பைவிட வேகமாக ஓடும். கம்ப்யூட்டர் பாழாகவும் வாய்ப்பு உண்டு. போர்வையைப் பாடுபவருக்குப் பின்னால் திரையாகத் தொங்கவிடுங்கள், எதிரொலி குறையும்.

புதிதாக அசெம்பிள் செய்கிறீர்களா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடைக்கோ போகும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது சூட்டை வெளியேற்றும் பாகங்களே. சூட்டைக் குறைத்தால் சத்தம் தானாகக் குறையும்.

பிராசஸர்: குரலையும் சில வாத்தியங்களையும் பதிவு செய்யப் பெரிய கேமிங் பிராசஸர் தேவையில்லை. 65 வாட்ஸ் வகையில், உள்ளேயே கிராபிக்ஸ் வசதியுள்ள பிராசஸர் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அதன் இரண்டு மூன்று ஃபேன்களும் அதோடு போயின!

ஹீட்சிங்க்: பிராசஸருடன் இலவசமாக வரும் சின்ன கூலருக்குப் பதிலாக, 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள உயரமான ஹீட்சிங்க் வாங்குங்கள். கேபினட்டுக்குள் அதன் உயரம் அடங்குமா என்று அளந்து கொள்ளுங்கள்.

ஃபேன்: பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே, சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றித் தள்ளும் அளவு காற்றைத் தள்ளிவிடும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அதேநேரம், ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள் சேர்ந்து ஓடினால் 3 டெசிபல்தான் கூடும். அதனால், வேகமாக ஓடும் ஒரு ஃபேனைவிட மெதுவாக ஓடும் இரண்டு ஃபேன்கள் மேல். 120 அல்லது 140 மில்லிமீட்டர் அளவில், நான்கு பின் உள்ள ஃபேனாகக் கேளுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது சுலபம். கலர் கலராக லைட் எரிவதால் சத்தம் குறையாது!

ஹார்டு டிஸ்க்: நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க், 120 ஹெர்ட்ஸ் அதிர்வை மேஜை வரை கடத்தும். எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகமே இல்லை. இடம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு குரலை ஒரு நிமிடம் பதிவு செய்தால் சுமார் 8.6 எம்.பி. பத்து டிராக்கில் ஒரு மணி நேரம் பதிவு செய்தாலும் 5.2 ஜி.பி-தான். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், பதிவு முடிந்த பிறகு மட்டும் இணைத்து பேக்கப் எடுக்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ்: இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்சாரத்தை வீணாக்காத நல்ல தரமான யூனிட்டில் சூடு குறைவு. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாமலே நிற்கும் மாடல்களும் உண்டு. ஆனால், ஃபேனை மாற்றுகிறேன் என்று எஸ்.எம்.பி.எஸ்-ஸை நீங்களே திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் நல்லதா?

ஃபேன் இல்லாமல் ஹீட்சிங்க்கால் மட்டுமே குளிரும் கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. ஆனால், நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹீட்சிங்க் எப்போதும் அறையின் வெப்பநிலைக்கு மேலே இவ்வளவு டிகிரி என்றுதான் பிராசஸரை வைத்திருக்கும். அறையைவிட 40 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி ஓடும் 24 டிகிரி அறையில் பிராசஸர் 64 டிகிரியில் இருக்கும். மே மாதத்தில், ரெக்கார்டிங்குக்காக ஏ.சி-யையும் ஃபேனையும் நிறுத்திய 38 டிகிரி அறையில் அது 78 டிகிரி ஆகிவிடும். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாட்டு நடுவில் திக்கும்.

அதனால் நம் வீடுகளுக்கு, காதுக்குக் கேட்காத அளவு மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்களே பாதுகாப்பான வழி. பயாஸ் செட்டிங்கில் போய், பிராசஸர் சூடு மிதமாக இருக்கும்வரை ஃபேன் குறைந்த வேகத்திலேயே ஓடும்படி அமைத்துவிடுங்கள். சட்டென்று ஏறி இறங்கும் சத்தத்தைவிட ஒரே சீரான மெல்லிய சத்தம் தொந்தரவு குறைவு. அசெம்பிள் செய்யும் எண்ணமே இல்லாதவர்களுக்கு, ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் போன்ற ஃபேன் இல்லாத லேப்டாப்களும் ஒரு வழி.

ஒரு சின்ன டிரிக்!

பாடுபவர் தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும் என்பதற்காக, சாஃப்ட்வேரில் 'பஃபர்' அளவைக் குறைத்து வைப்பார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 2.7 மில்லி செகண்ட். ஆனால், பஃபர் குறையக் குறைய பிராசஸருக்கு நெருக்கடி. சூடு ஏறி ஃபேன் சத்தம் போடும். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டரிங்' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபரை தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

மிக்ஸிங் செய்யும்போது கம்ப்யூட்டர் கத்தினால் கத்தட்டும். அப்போது மைக் ஆஃபில்தானே இருக்கிறது!

வாங்கிய கம்ப்யூட்டரைக் கடையில் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கடைத்தெரு சத்தத்தில் எல்லா கம்ப்யூட்டரும் அமைதியாகத்தான் தெரியும். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் ஓடவிட்டுக் கேளுங்கள். மெல்லிய 'கீச்' சத்தம் வந்தால், அது காயில் அதிர்வதாக இருக்கலாம். ஃபேன் மாற்றினாலும் போகாது. அதனால், மாற்றித் தருவார்களா என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி காத்திருக்க வேண்டாம்!

இதற்கெல்லாம் பணம் சேர்க்க ஆறு மாதம் ஆகலாம். அதுவரை பாட்டியின் பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனில் பெரும்பாலும் ஃபேனே கிடையாது! ஃப்ளைட் மோடில் போட்டு, பாட்டியின் முகத்திலிருந்து ஒரு முழம் தூரத்தில், தலையணைமேல் வைத்து இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். ஒரு பிரதியை பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

அமைதியான கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்னொரு முறை பாடச் சொல்லலாம். கம்ப்யூட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியும். அந்தக் குரல் அப்படி இல்லை. நல்ல மைக் வரட்டும், ஃபேன் மாறட்டும் என்று காத்திருந்தே பல வீடுகளில் தாலாட்டுகள் பதிவாகாமல் போயிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பாட்டு அந்தக் கணக்கில் சேர வேண்டாம்!