பழைய காருக்கு ஒரு பழைய எஞ்சின்

அம்பாசிடர் காரை நம் எல்லோருக்கும் தெரியும். உருண்டையான முகம். அகலமான சீட். ஒரு காலத்தில் திருப்பதியிலும் சித்தூரிலும் டாக்ஸி என்றால் அம்பாசிடர்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாரா என்று ஓர் ஊர். அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி இந்தக் காரைச் செய்தது. 1950-களின் கடைசியில் தொடங்கிய வேலை 2014 மே மாதம் நின்றது.

கம்பெனி நிறுத்திவிட்டது. ஆனால் கார்கள் நிற்கவில்லை. அப்பா ஓட்டிய கார் என்று சிலர் வைத்திருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் அந்தக் காரின் எஞ்சின் கைவிட்டால் என்ன செய்வது? கம்பெனியிலிருந்து புது எஞ்சின் வராது. வேறு காரிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா?

புகை வருகிறது, இழுக்கவில்லை, ஆயில் குடிக்கிறது. இதை வைத்து மட்டும் எஞ்சினை மாற்றாதீர்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்யலாம். அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன், புது ரிங் போடலாம். பல முறை ரீபோர் செய்த எஞ்சினுக்கு ஸ்லீவ் போடலாம். செலவு ஆகும். ஆனால் எஞ்சின் எண் மாறாது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டாம். இதைச் சொல்லாமல், "மாத்திடலாம் சார், வேலை சீக்கிரம் முடியும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள். எஞ்சினின் உடலான பிளாக் வெடித்திருந்தால் அது சரியான காரணம். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலும் அப்படித்தான்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எந்த எஞ்சின்?

அம்பாசிடரில் பல எஞ்சின்கள் வந்தன. நெடுங்காலம் வந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதே அளவில் டீசல் எஞ்சினும் வந்தது. 1990-களில் ஜப்பானின் இசுசு எஞ்சின்கள் வந்தன. டீசல் மலிவாக விற்ற காலத்தில் பலர் வேறொரு வேலையும் செய்தார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசிடரில் ஏற்றினார்கள்.

இன்று அப்படிச் செய்யாதீர்கள். கம்பெனி செய்த வகைக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். ஆறு மாதம் வரை சிறையும் வரலாம்.

சட்டத்தை விடுங்கள். திருமலை மலைப் பாதையை நினைத்துப் பாருங்கள். 1944-ல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-ல் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் சின்ன கியரில் இறங்குகிறோம். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது கனமான வேன் எஞ்சினைக் காரில் வைத்தால் என்ன ஆகும்? முன்பக்கம் தாழும். பிரேக்கோ பழைய எடைக்குச் செய்தது. இன்னொரு விஷயமும் உண்டு. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில்தான் பூஸ்டர் பிரேக் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் கிடையாது. அதற்குத் தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். அதை விட்டுவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினால், பெடல் கல் மாதிரி இருக்கும். கொண்டை ஊசி வளைவில் அது தெரியும்.

ஆகவே உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? சி.சி. எவ்வளவு? அதே எரிபொருள், அதே சி.சி., அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள். உங்கள் கார் 50 வயதைத் தாண்டியதா? அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும். 2021 முதல் அப்படிப்பட்ட கார்களுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் எஞ்சினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் இருந்தால் அது கிடைக்காது.

பழைய எஞ்சின் என்றால் பலருக்கும் சென்னை புதுப்பேட்டைதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்துக் காயலான் கடைகளிலும் கிடைக்கலாம். எங்கே போனாலும் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் போங்கள். ஏன் காலையில்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் நோய் தெரியும்.

கடைக்காரர் சொல்வார்: "ஒரே கை ஓட்டின வண்டிண்ணே. டாக்டர் வண்டி. ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

நீங்கள் சொல்லுங்கள்: "இருங்க தம்பி. முதல்ல தொட்டுப் பார்க்கிறேன்."

எஞ்சின் சூடாக இருக்கிறதா? நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறும் வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பிறகு ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் நுரை இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட் வெடித்தும் இருக்கலாம். ஆயில் தார் மாதிரி கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயிலை ஊற்றுவது பழைய தந்திரம்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது கார்புரேட்டர் வேலையாக இருக்கலாம், அதிகம் பயப்பட வேண்டாம். வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்தால் தவறில்லை. எஞ்சின் சூடான பிறகும் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குப் குப்பென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. காதையும் கொடுங்கள். மேலே டிக் டிக் என்றால் டேப்பட் சத்தம். அதைச் சரி செய்யலாம். அடியிலிருந்து டம் டம் என்று கனமாக வந்தால் கிராங்க் பேரிங். விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த எஞ்சின் வேண்டாம்.

இதெல்லாம் கண்ணும் காதும் சொல்வது. கம்ப்ரஷன் மீட்டர் சொல்வதைக் கடைக்காரரால் மறுக்க முடியாது. இந்த மீட்டர் பல மெக்கானிக்குகளிடம் இருக்கும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரை வைத்து செல்ப் அடிக்க வேண்டும். வரும் எண்களை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். 140, 138, 142, 95 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் அண்ணன் தம்பிகள். நான்காவதில்தான் நோய். எண் பெரிதாக இருப்பதைவிட, நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதே முக்கியம்.

நான்காவது ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். 95 நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் எண் குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கலாம். வால்வு வேலைக்குச் செலவு குறைவு. ரீபோர் வேலைக்கு அதிகம். இந்தக் கணக்கை வைத்து விலை பேசுங்கள். டீசல் எஞ்சினுக்கும் இதே முறைதான். ஆனால் அதில் அழுத்தம் மிக அதிகம். அதற்கென்று உள்ள மீட்டர்தான் வேண்டும்.

எஞ்சின் தரையில் கிடக்கிறதா? ஸ்டார்ட் செய்ய வழியில்லையா? கிராங்க் புல்லியைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டும். இறுகி நின்றால் வாங்காதீர்கள். சுற்றினாலும் அது பாதிச் சான்றுதான். ஓடவில்லை என்றால் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள்.

விலை பேசும்போது எஞ்சினோடு என்னென்ன வருகிறது என்று கேளுங்கள். கார்புரேட்டர், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், செல்ப் மோட்டார், பிளைவீல், மவுண்டிங் எல்லாம் சேர்ந்தா? தனித்தனியாக வாங்கினால் எஞ்சின் விலையில் பாதி அதற்கே போய்விடும். கியர் பாக்ஸும் சேர்ந்து வந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவும் பழைய பெட்டிகள் உண்டு. திருமலை இறக்கத்தில் அது உயிருக்கு ஆபத்து.

பணம் கொடுப்பதற்கு முன் கடைசி வேலை. அதை நீங்களே செய்ய வேண்டும். எஞ்சினில் எண் எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ராவிய தடம் இருந்தாலும், எண்ணே இல்லாவிட்டாலும், அது திருட்டு வண்டி எஞ்சினாக இருக்கலாம். போலீஸ் கேட்கும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார். எண் சரியாக இருந்தால் பில் கேளுங்கள். பில்லில் எஞ்சின் எண், தேதி, விலை, கடையின் பெயர், கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். எஞ்சின் எந்த வண்டியில் இருந்ததோ அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள். "பில்லெல்லாம் எதுக்குண்ணே" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எஞ்சினை மாட்டும்போது ஆயில், பில்டர், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் பிளேட் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் வரும் ரப்பர் குழாயையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் கூலி மிச்சம். ஐந்நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிவிட்டு, ஆயிலை மாற்றிய பிறகு மலை ஏறுங்கள்.

எஞ்சின் மாற்றிய 14 நாட்களுக்குள் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்.சி., பில், அனுமதிக் கடிதம், இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். காரையும் கொண்டு போங்கள். இன்ஸ்பெக்டர் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார். புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றித் தருவார்கள். வாங்கியதும் அங்கேயே நின்று பில்லோடு ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு அதே எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள்.