தங்கவயலில் ஆள், பெங்களூரில் கம்ப்யூட்டர்

நடுவழியில் அறுபடும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது? கண்டுபிடிக்கக் கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தூரத்திலிருந்து வரும் ஒரு கம்பியை நம்பிப் பிழைப்பது கோலார் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கி.மீ. கடந்து வந்து இங்கே சுரங்கங்களை இயக்கியது. அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. வெட்டியெடுக்கும் செலவுக்குத் தங்கம் கட்டுப்படியாகாமல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு ஊரைத் தாங்கிப் பிடித்திருப்பது ரயில் பாதை. மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் விடியுமுன் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ரயில் நின்றது. மேஜை வேலை பார்த்தவர்களுக்குக் கைகொடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். அலுவலகக் கம்ப்யூட்டர் பெங்களூரிலேயே இருக்கும். அதன் திரை மட்டும் வீட்டில் தெரியும். தொற்று அடங்கியதும் பல நிறுவனங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற சலுகை சிலருக்குத்தான் மிஞ்சியது. அப்படி ஒரு நாள் கிடைத்தால் போக வர நான்கு மணி நேரமாவது மிச்சம். ஆனால் இணைப்பு நாளுக்கு ஏழெட்டு முறை அறுந்தால் சலுகையும் அறுந்துவிடும். “நெட் போயிடுச்சு சார்” என்ற பதில் மேலதிகாரியிடம் எத்தனை தடவை எடுபடும்?

சினிமா ஓடுகிறதே!

பலரையும் குழப்பும் கேள்வி இதுதான்: அதே இணைப்பில் யூடியூப் தடையில்லாமல் ஓடும்போது ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் ஏன் அறுகிறது? காரணம் எளிது. வீடியோ அடுத்து வரப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஐந்து நொடி இணைப்பு போனாலும் சேமிப்பிலிருந்து காட்டிச் சமாளித்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அந்த வசதி கிடையாது. இங்கே தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய், அதன் விளைவு படமாகத் திரும்பி வரவேண்டும். இன்னும் தட்டாத எழுத்தைச் சேமித்து வைக்க யாராலும் முடியாது. ஆகவே வேகம் 100 எம்பியா 200 எம்பியா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறதா என்பதே விஷயம்.

கம்பி அறுந்தால் மின்வாரிய ஊழியர்கள் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே முறைதான். விண்டோஸின் கட்டளைத் திரைகள் இரண்டைத் திறந்துகொள்ள வேண்டும். ஒன்றில் வீட்டு ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு ‘பிங்’ கட்டளையை நிற்காமல் ஓடவிட வேண்டும். இணைப்பு அறும் நொடியில் இரண்டையும் பார்த்தால் போதும்.

ரவுட்டரே பதில் தரவில்லை என்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. அநேகமாக வை-ஃபை. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போட்டாலே பாதிப் பேருக்குத் தலைவலி தீரும். அதற்கு வழியில்லை என்றால் நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். ஆனால் அது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கார்டை அணைத்துவிடும் அமைப்பு விண்டோஸில் உண்டு. மடிக்கணினியில் அதை நிறுத்திவைப்பது நல்லது.

ரவுட்டர் பதில் தருகிறது, கூகுள் தரவில்லை என்றால் கோளாறு வெளியே, இணைய நிறுவனத்தின் லைனில். தேதி, மணி, நிமிடத்துடன் நான்கு நாள் குறித்துவைத்துப் புகார் செய்தால் அதற்கு மதிப்பு அதிகம். அலுவலகத்தின் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் கூகுளுக்குப் போகும் பிங்கும் அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு போகக்கூடும். அதனால் வி.பி.என்.னை நிறுத்திவிட்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

மின்வெட்டு தனி ரகம். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். மின்சாரம் ஒரு நொடியில் திரும்பினாலும் ரவுட்டர் எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். இதற்குப் போதும்.

கடிகாரம் சொல்லும் சாட்சி

இரண்டு பிங்கும் ஒழுங்காக ஓடும்போதே இணைப்பு அறுகிறதா? அப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தோன்றியபோதெல்லாம் அறுந்தால் அது லைன் கோளாறாக இருக்கலாம். கணக்காகப் பதினைந்து அல்லது முப்பது நிமிடம் சும்மா இருந்தவுடன் அறுந்தால் அது கோளாறே இல்லை, யாரோ எழுதிவைத்த விதி. வேலை நடக்காத இணைப்பைத் துண்டிக்கும்படி அலுவலக சர்வரில் நேரக்கெடு வைத்திருக்கலாம். அல்லது வழியில் உள்ள ஃபயர்வால், பேச்சுமூச்சில்லாத இணைப்பைச் செத்ததாகக் கருதித் தன் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம்.

சுரங்கத்தில் கூண்டை இறக்கும் என்ஜின் ஓட்டுநர் ஆழத்தில் நடப்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. மணியோசைதான் அவருக்குத் தகவல். ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அப்படி அவ்வப்போது மணியடித்து ‘ஆள் இருக்கிறது’ என்று சொல்ல ‘கீப்-அலைவ்’ என்ற ஏற்பாடு உண்டு. அதை அலுவலகத்தின் சிஸ்டம் நிர்வாகிதான் இயக்கிவைக்க வேண்டும். அவரிடம் “அடிக்கடி கட் ஆகுது” என்பதைவிட “சும்மா இருந்தால் சரியாகப் பதினைந்தாவது நிமிடம் கட் ஆகிறது” என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

கடிகாரத்தின் சாட்சிக்கு நல்ல உதாரணம் 2025இல் கிடைத்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்கும் பழைய சர்வர்களுடன் இணைந்தவர்களில் பலருக்கு 65 நொடியில் இணைப்பு அறுந்தது. வீட்டு லைனைத் திட்டிப் பயனில்லை. தவறு ஒரு அப்டேட்டில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு மார்ச் இறுதியில் திருத்தம் வெளியிட்டது. யு.டி.பி. என்ற வேகப் பாதையில் போகும் இணைப்புகளில்தான் அந்தச் சிக்கல். வேறு சமயங்களிலும் காரணம் பிடிபடாதபோது யு.டி.பி.யை நிறுத்தி டி.சி.பி.யில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது அனுபவசாலிகள் செய்யும் சோதனை.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ‘வி.பி.என். தொல்லை’ என்று அதைத் தவிர்த்து, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஆம் எண் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. 2019இல் வெளிப்பட்ட ‘ப்ளூகீப்’ ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய இடம் கொடுத்தது. ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் தர நேர்ந்தது.

இணைப்பு அறுந்தால் வேலை போயிற்று என்று பதற வேண்டியதில்லை. அறுவது திரைதான். திறந்த கோப்பும் பாதி தட்டிய வரியும் பெங்களூரில் அப்படியே காத்திருக்கும். மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துண்டிக்கப்பட்ட வேலையைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மூடிவிடும் சர்வர்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே அடிக்கடி சேமிப்பதே காப்பு.

வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. அறுந்த நேரங்களைக் குறித்த ஒரு தாள் கையில் இருந்தால், ‘சாக்கு’ என்று தள்ளப்படுவது ‘கோளாறு’ என்று ஏற்கப்படும். விடியற்காலை ரயிலிலிருந்து வாரத்தில் ஒரு நாள் தப்பிக்க அந்தத் தாள் மலிவான டிக்கெட்.