நாய் நம்மைப் பார்த்தால் மனம் ஏன் லேசாகிறது?

வேலை முடிந்து, களைத்துப்போய் வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். உங்கள் நாய் ஓடிவந்து, தலையைச் சாய்த்து, உங்கள் கண்ணையே பார்க்கிறது. அதுவரை இருந்த எரிச்சல் எங்கே போனது?

பதில், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனில் இருக்கிறது. தாய் பால் கொடுக்கும்போது அவள் மூளையிலிருந்து சுரப்பது இதுதான். பாசத்தைக் கூட்டும், பதற்றத்தைத் தணிக்கும்.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாயையும் அதை வளர்ப்பவரையும் 30 நிமிடம் ஓர் அறையில் விட்டார்கள். முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்த ஜோடிகளில் மனிதருக்கு மட்டுமல்ல, நாய்க்கும் ஆக்ஸிடோசின் கூடியிருந்தது!

எப்படி? இருவர் எதிரெதிரே நின்று உந்தி ஆடும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். இவர் ஒரு உந்து, அவர் ஒரு உந்து. வேகம் ஏறிக்கொண்டே போகும். நாயின் பார்வை உங்களை உந்துகிறது. நீங்கள் தடவிக்கொடுத்துக் கொஞ்சுவது அதை உந்துகிறது. அது மறுபடியும் பார்க்கிறது.

மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. எனக்குப் பெரிய வியப்பே இதுதான். ஆயிரமாயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து நாய் பெற்ற குணம் இது. உள்புருவத்தை உயர்த்திக் கெஞ்சுவதுபோல் பார்க்க உதவும் தசைகூட நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்க்கு அப்படி இல்லை.

ஆனால் ஒன்று: தெருவில் எதிர்ப்படும் பழகாத நாயை இப்படி உற்றுப் பார்க்காதீர்கள். அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கடிக்க வரலாம்.